தொட்டி பேஸும் நள்ளிரவுக் கச்சேரியும்: லீவான் ஹெல்ம் பேண்டுக்கு வந்த வழி

துணி துவைக்கும் தகரத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போடுங்கள். அதன் அடிப்பாகத்தின் நடுவில் ஓட்டை போட்டு, ஒரு கயிற்றை உள்ளே முடிச்சிட்டு வெளியே இழுங்கள். கயிற்றின் மறுமுனையை ஒரு துடைப்பக் கட்டையின் உச்சியில் கட்டிவிட்டு, கட்டையின் அடியைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். கட்டையைப் பின்னால் சாய்த்தால் கயிறு விறைத்துச் சுருதி ஏறும். முன்னால் விட்டால் இறங்கும். தொட்டி நகராமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு கயிற்றைச் சுண்டினால் 'தும்' என்று அடிவயிற்றில் ஒரு சத்தம். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் வாத்தியம் வாங்க வசதியில்லாத அமெரிக்கத் தென்மாநில வீடுகளில் இதுதான் பேஸ்.

1950களில் ஆர்கன்சா மாநிலத்தில் லிண்டா ஹெல்ம் என்ற சிறுமி இதை வாசித்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் லாவான் கிட்டாரை மீட்டிக்கொண்டு பாடுவான், மவுத் ஆர்கன் ஊதுவான். 'ஃபோர்-ஹெச்' என்று விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்கான மன்றம் ஒன்று உண்டு. கன்றுக்குட்டி வளர்ப்பது, டிராக்டர் ஓட்டுவது எல்லாம் சொல்லித்தருவார்கள், நடுவில் பாட்டுப் போட்டியும் வைப்பார்கள். அந்த மேடைகளில் அண்ணனும் தங்கையும் பரிசு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த அண்ணன்தான் பிற்பாடு பாடகர் பாப் டிலனுக்குப் பின்னால் டிரம் வாசித்து, அப்புறம் 'தி பேண்ட்' என்ற குழுவின் குரல்களில் ஒருவரான லீவான் ஹெல்ம். பெயர் மாறிய கதை பின்னால் வரும்.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுதும்போது 'பட்டிக்காட்டுப் பையன் பட்டணம் போய்ப் பெரிய ஆளானான்' என்று ஒரே இழுப்பில் முடித்துவிடுவது வழக்கம். ஹெல்ம் விஷயத்தில் அது பொருந்தவே இல்லை. பட்டணம் போகும்போது பெரும்பகுதிப் படிப்பு முடிந்திருந்தது. ஊரே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது எப்படி என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

ஊரைப் பார்ப்போம். 1940 மே 26 அன்று எலைன் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது டர்க்கி ஸ்க்ராச். வான்கோழி கிளறிய இடம் என்று சொல்லலாம், அந்தப் பெயருக்கேற்ற அளவுதான் இடமும். பக்கத்துச் சிறுநகரம் மார்வெல். அங்கிருந்து கிழக்கே இருபது மைல் போனால் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலனா. அப்பா டயமண்ட், அம்மா நெல், இருவரும் பருத்தி விவசாயிகள், இருவருமே பாட்டுப் பிரியர்கள். வேலை முடிந்த நேரத்தில் வீட்டில் பாட்டு இருக்கும். ஆறு வயதில் பில் மன்றோவின் புளூகிராஸ் (தந்தி வாத்தியங்களோடு பாடும் கிராமிய இசை) குழு அந்தப் பக்கம் வந்தபோது வீட்டார் பையனைக் கூட்டிப்போனார்கள். அன்றே இசைக்காரன் ஆவது என்று முடிவாகிவிட்டது என்பார். எட்டு வயதில் கிட்டார் கைக்கு வந்தது.

எலைன் என்ற பெயரை அப்படியே கடந்துபோக முடியாது. 1919இல், நியாயமான பருத்தி விலை கேட்டுச் சங்கம் அமைத்த விளைச்சலில் பங்குக்கு உழைத்த கறுப்பினக் குடியானவர்களை வெள்ளைக் கும்பல்களும் படையினரும் கொன்று குவித்த இடம் அது. ஹெல்ம் பிறப்பதற்கு 21 வருடம் முன்பு. அவர் வளர்ந்த காலத்திலும் பள்ளி தனி, உணவகம் தனி, பேருந்தில் இருக்கை தனி. ஆனால் அந்தப் பையனைச் செதுக்கிய இசையில் சரிபாதிக்கு மேல் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்தது. எப்படி வந்தது? இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று ரேடியோ, மற்றொன்று கூடாரம்.

ரேடியோவுக்கு வருவோம். ஹெலனாவில் கேஎஃப்எஃப்ஏ நிலையம் 1941இல் தொடங்கியது. அந்த வருடம் நவம்பரிலேயே 'கிங் பிஸ்கட் டைம்' என்ற நிகழ்ச்சியும் வந்துவிட்டது. கிங் பிஸ்கட் என்பது ஒரு கோதுமை மாவின் பெயர். கறுப்பினக் குடும்பங்களிடம் மாவு விற்க வேண்டும், அதற்கு அவர்கள் கேட்கிற ஆள் பாட வேண்டும் என்று மளிகை மொத்த வியாபாரி கணக்குப் போட்டார். மவுத் ஆர்கன் மன்னர் சன்னி பாய் வில்லியம்சனும் கிட்டாரிஸ்ட் ராபர்ட் லாக்வுட்டும் நிலையத்துக்குள் வந்தார்கள். தினமும் பகல் 12.15க்கு நேரடி ஒலிபரப்பு. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வயலில் பருத்திக்குக் களை வெட்டுகிறவர்கள் சாப்பிட வருகிற நேரம் அது. மாவு நன்றாக விற்றது. பிறகு சோள மாவு மூட்டையில் சன்னி பாயின் படத்தையே அச்சடித்தார்கள்.

வயலிலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த வெள்ளைக்காரப் பையன் காதிலும் அதே பாட்டுத்தான் விழுந்தது. பேருந்தில் கோடு போட்டவர்களால் அலைவரிசையில் கோடு போட முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் சன்னி பாயின் குழு வாசிப்பதை ஹெல்ம் நேரிலும் பார்த்தார். அப்போது பையனின் கண் பாடகர் மேல் நிற்கவில்லை. பின்னால் டிரம் வாசித்துக்கொண்டிருந்த 'பெக்' கர்ட்டிஸ் மேல் ஒட்டிக்கொண்டது. அவர் கை எப்படிப் போகிறது, கால் எப்போது விழுகிறது என்று பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டதாகப் பின்னாளில் தன் சுயசரிதையில் சொன்னார். குரு, தட்சிணை எதுவும் கிடையாது. பார்வையாலேயே திருடிய வித்தை. கர்ட்டிஸ் அந்த வட்டாரத்தோடு நின்றார். அவரைப் பார்த்துக் கற்றவர் உலகம் சுற்றினார். இருவர் திறமையையும் தராசில் வைத்தால் இந்த வித்தியாசத்துக்கு விடை கிடைக்காது. யாருக்கு எந்தக் கதவு திறந்தது என்று பார்த்தால் கிடைக்கும்.

அடுத்து கூடாரம். அறுவடை முடிந்து ஜனங்கள் கையில் காசு புழங்கும்போது ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வரும் கலைக்குழுக்கள் இருந்தன. பிரபலமானது 'ராபிட்ஸ் ஃபுட்' குழு. 1900இல் பேட் ஷாப்பெல் என்ற கறுப்பினத் தொழில்முனைவர் ஆரம்பித்தது. அவர் இறந்தபின் வால்காட் என்ற வெள்ளைக்காரர் வாங்கி நடத்தினார். மா ரெய்னி போன்ற ப்ளூஸ் பாடகியர் வளர்ந்த மேடை அது. கோமாளி வேடிக்கை, நடனம், பாட்டு என்று குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி முதல் ஆட்டம் நடக்கும். அது முடிந்ததும் ஒருவர் வந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாருங்கள், தனிக் காசு கொடுத்தால் இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்பார். அந்தப் பின்னிரவு ஆட்டத்துக்கு 'மிட்நைட் ராம்பிள்' என்று பெயர். நகைச்சுவையில் பச்சை கூடும், பாட்டில் சூடு கூடும், ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். ஹெல்ம் கடைசிவரை மறக்கவில்லை.

இந்தக் கூடாரத்தில் அவர் கற்றது வாத்தியம் அல்ல, ஒரு ராத்திரியை எப்படி நடத்துவது என்பது. எதை முதலில் விடுவது, சிரிப்பை எங்கே வைப்பது, கூட்டம் சோர்ந்தால் எந்தப் பாட்டை எடுப்பது. இதைப் பாடத்திட்டம் போட்டு யாரும் சொல்லித்தர முடியாது.

ஹெல்முக்குப் பதினான்கு வயதானபோது எல்விஸ் பிரெஸ்லி வந்தார். இன்னும் பெரிய நட்சத்திரமாகாத, தென்மாநிலச் சிற்றூர்களில் சுற்றிக்கொண்டிருந்த எல்விஸ். முதல் தடவை பார்த்தபோது கிட்டார், பேஸ் மட்டும். டிரம் இல்லை. அடுத்த வருடம் பார்த்தபோது டி. ஜே. ஃபான்டனா டிரம்மோடு உட்கார்ந்திருந்தார். பாட்டுகள் அதே மாதிரிதான், கூட்டத்தின் உடம்பு மட்டும் வேறாகிவிட்டது. டிரம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை எந்தக் கூடத்திலும் கிடைக்காது. மார்வெல் உயர்நிலைப் பள்ளியில் 'ஜங்கிள் புஷ் பீட்டர்ஸ்' என்று ஒரு குழு சேர்த்தார். பதினேழு வயதில் ஹெலனா மதுக்கடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் ரானி ஹாக்கின்ஸ் வந்து சேர்கிறார். அவரும் ஆர்கன்சாக்காரர், மேடையில் குட்டிக்கரணம் போடுகிற ராக்கபில்லி (ராக்கும் தென்மாநில கிராமிய இசையும் கலந்தது) பாடகர். டிரம் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. பண்ணைக்கே வந்து பெற்றோரிடம் பையனைக் கேட்டார். அம்மா ஒரே நிபந்தனை வைத்தார்: பள்ளிப்படிப்பு முடியட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போ. 1958இல் படிப்பு முடிந்தது, பையன் கிளம்பினான்.

இனி பாதை மெம்பிஸுக்கோ நியூயார்க்குக்கோ போகும் என்று நினைப்போம். போனது கனடாவுக்கு. காரணம் எளிது. ஹெலனாவில் வளர்ந்த பாடகர் கான்வே ட்விட்டி ஏற்கெனவே அங்கே போய்ச் சம்பாதித்திருந்தார். ஒன்டாரியோவில் ஹாமில்டன் நகரில் ஹாரல்ட் கட்லெட்ஸ் என்ற முகவர் மதுக்கூடங்களுக்குக் குழுக்களைப் பிடித்துக்கொடுத்தார். தெற்கில் ஒரு இரவு இந்த ஊர், மறுநாள் இரவு இன்னொரு ஊர், பாதிச் சம்பளம் பெட்ரோலுக்கே போகும். ஒன்டாரியோவில் ஒரே மதுக்கூடத்தில் வாரக்கணக்கில் வேலை. சொந்த ஊரில் இந்த மாதிரிப் பையன்கள் தெருவுக்கு நான்கு பேர், டொரான்டோவில் அசல் தென்மாநில ராக்கபில்லி என்றால் அதற்குத் தனி மவுசு. கலை தேடிப் போனார்கள் என்று சொல்வதற்கு முன் இந்தச் சம்பளக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டொரான்டோ யங் தெருவில் 'லெ காக் டோர்' மதுக்கூடம் இவர்களின் பட்டறை ஆனது. ஹாக்கின்ஸ் ஒரு கண்டிப்பான வாத்தியார். கடை மூடியபின் விடியவிடியப் பயிற்சி. தாமதமாக வந்தால் அபராதம். தினமும் மணிக்கணக்கில் ஒரே மேடையில், குடித்திருக்கும் கூட்டத்தின் முன் வாசித்தால் என்ன ஆகும்? விரல்களுக்கு யோசனை தேவைப்படாமல் போகும், பக்கத்தில் இருப்பவன் மூச்சு விடுவதை வைத்தே அடுத்து என்ன என்று தெரியும்.

கூட வந்த தென்மாநிலப் பையன்கள் ஊர் ஏக்கம் தாங்காமல் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அந்த இடங்களில் கனடாக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்: ராபி ராபர்ட்சன், ரிக் டான்கோ, ரிச்சர்ட் மேன்யுவல், கடைசியாக கார்த் ஹட்சன். ஹட்சன் முறையாகச் சாஸ்திரிய இசை படித்தவர். மதுக்கூடக் குழுவில் சேர்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தயங்கினார். அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். வாரம் 10 டாலர் கூடுதலாகக் கொடுத்து, மற்றவர்களுக்கு இசை ஆசிரியர் என்று அவரை நியமித்தார்கள். பிள்ளை சாராயக் கடையில் வாசிக்கிறான் என்று சொல்வதைவிடப் பாடம் சொல்லித்தருகிறான் என்பது பெற்றோருக்குக் கௌரவம் அல்லவா! வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே பாடமும் சொல்லித்தந்தார்.

லாவான் என்ற பெயர் லீவான் ஆனதும் இந்தக் காலத்தில்தான். குழுவில் இருந்தவர்களுக்கு அப்படிக் கூப்பிடுவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

1964 தொடக்கத்தில் ஐவரும் ஹாக்கின்ஸை விட்டு வெளியே வந்தார்கள். அதிக வருடம் குழுவில் இருந்தவர் என்பதால் 'லீவான் அண்ட் த ஹாக்ஸ்' என்று அவர் பெயரிலேயே ஓடியது. 1965 வசந்த காலத்தில் ஹெலனா போனபோது சன்னி பாய் வில்லியம்சன் ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பியிருந்தார். சேர்ந்து வாசித்தார்கள், சேர்ந்தே ஒரு பயணம் போகலாம் என்று பேச்சு. மே மாதம் அவர் இறந்துவிட்டார். அந்தக் குழு அமைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துப் பார்ப்பேன்.

அதே வருடம் ஆகஸ்டில் பாப் டிலன் கூப்பிட்டார். நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ் அரங்கில் ஹெல்ம் டிரம், ராபர்ட்சன் கிட்டார். நாட்டுப்புறப் பாடகர் மின்சாரக் கிட்டார் எடுத்துவிட்டார் என்று டிலன் ரசிகர்கள் கொதித்துப்போயிருந்த சமயம். ஊளையிட்டார்கள். ஊருக்கு ஊர் இதே கதை. நவம்பர் கடைசியில் ஹெல்ம் மூட்டை கட்டினார். போன இடம் மெக்சிகோ வளைகுடா, எண்ணெய்க் கிணறு மேடையில் கூலி வேலை. ஏழெட்டு வருடம் இரவு இரவாக வாசித்த கைகள் குழாய் தூக்கப் போய்விட்டன. கூடாரத்தில் வளர்ந்தவர் அவர், வந்த கூட்டத்தைச் சந்தோஷப்படுத்தி அனுப்புவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். தினமும் வசவு வாங்குவதற்கு ஒரு கச்சேரியா என்று தோன்றியிருக்கும். இதை நான் கோழைத்தனமாகப் பார்க்கவில்லை.

1967 இறுதியில் டான்கோ கூப்பிட்டு, நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் பக்கம் வந்தார். 'பிக் பிங்க்' என்ற இளஞ்சிவப்பு நிற வீட்டில் மற்றவர்கள் மாதக்கணக்கில் டிலனோடு பழைய பாட்டும் புதுப் பாட்டும் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் இவர்களைச் சும்மா 'அந்த பேண்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவே பெயராகிவிட்டது. 1968இல் முதல் இசைத்தட்டு, 1969இல் இரண்டாவது.

உலகம் அப்போது ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். இரண்டாவது தட்டில் 'ராக் மாமா ராக்' பாட்டைக் கவனித்துக் கேட்டால் விஷயம் புரியும். டிரம்மர் ஹெல்ம் அதில் மேண்டலின் வாசித்துக்கொண்டே பாடுகிறார். பியானோக்காரர் மேன்யுவல் டிரம் பக்கம் போய்விட்டார். பியானோ ஹட்சனிடம், ஃபிடில் என்ற வயலின் டான்கோவிடம். பேஸ் வாத்தியமே இல்லை. அந்த வேலையைத் தயாரிப்பாளர் ஜான் சைமன் டியூபா என்ற பெரிய ஊதுகுழலில் செய்கிறார். இருப்பதை வைத்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும் வீட்டுத் திண்ணைப் பழக்கம்தான் இது, தொட்டி பேஸின் நேர் வாரிசு.

அவர் டிரம் வாசித்த விதமும் அப்படித்தான். வீறிடாத, துணி போர்த்திய மாதிரியான சத்தம். பாடுகிறவரே வாசிக்கிறவர் என்பதால் ஒவ்வொரு அடியும் சொல்லுக்கு வழிவிட்டு விழும். வரி முடிகிற இடத்தில் ஒரு சின்ன உருட்டல், பிறகு ஒரு இடைவெளி. தாளம் கொஞ்சம் பின்னால் சாய்ந்தே நடக்கும், ஆனால் ஒருபோதும் விழாது.

இங்கே ஒரு கசப்பும் உண்டு. இசைத்தட்டுகளில் பெரும்பாலான பாடல்கள் ராபர்ட்சன் பெயரில் பதிவாயின. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியதில் ஒருவர் மட்டும் உரிமை வைத்துக்கொண்டார் என்று ஹெல்ம் 1993இல் வெளிவந்த சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார். எழுதியது நான்தான் என்று ராபர்ட்சன் மறுத்தார். யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், சட்டத்தைத்தான் முதலில் கைகாட்டுவேன். பதிப்புரிமை பொதுவாக மெட்டுக்கும் வரிகளுக்கும்தான் காசு கொடுக்கும். தாளத்தின் நடைக்குக் கொடுக்காது. பயணத்தில் ஒருவர் சொன்ன ஊர்க்கதைக்கு, அவர் வாயில் வந்த சொலவடைக்கு, உச்சரிப்பின் மணத்துக்குக் கொடுக்காது. கனடாவில் பிறந்த ராபர்ட்சன் அமெரிக்கத் தெற்கைப் பற்றி அத்தனை நெருக்கமாக எழுதினார் என்றால், அந்தத் தெற்கு அவர் பக்கத்தில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தது. அதே சமயம், கேட்டதை எல்லாம் உட்கார்ந்து பாட்டாக்கி முடிக்கும் உழைப்பும் சாதாரணமில்லை. கூடாரத்திலும் திண்ணையிலும் பாட்டு எல்லோருக்கும் பொது. இசைத்தட்டு வியாபாரத்தில் பாட்டுக்குப் பட்டா வேண்டும். நாட்டுப்புறத்திலிருந்து குழுவுக்கு வருகிற பல பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

1976 நவம்பர் 25, சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி. ஹெல்முக்கு விருப்பமில்லாத முடிவு. அதைப் படமாக்கிய மார்ட்டின் ஸ்கார்செஸியிடம் படத்திலேயே அவர் உற்சாகமாக விவரிப்பது எதைத் தெரியுமா? சின்ன வயதில் பார்த்த மிட்நைட் ராம்பிளைத்தான்.

இடையில் வந்த நடிப்பு, குழுவின் மறுவரவு, 1986இல் மேன்யுவலின் மரணம், 1991இல் வீடு தீப்பிடித்தது எல்லாவற்றையும் தாண்டி 1998க்கு வருவோம். தொண்டையில் புற்றுநோய். 28 முறை கதிர்வீச்சு. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. கிசுகிசுப்பாக மட்டும் பேச முடிந்தது. அடுத்த வருடக் கடைசியில் டான்கோவும் போனார். மருத்துவச் செலவு ஒரு பக்கம், வீட்டுக் கடன் ஒரு பக்கம்.

அப்போது செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஊர் ஊராகப் போக உடம்பில் தெம்பில்லை. சரி, கூட்டத்தை இங்கே வரவழைப்போம் என்று, வுட்ஸ்டாக்கில் தன் வீட்டோடு சேர்ந்த மரக் கொட்டகையில் 2004 முதல் கச்சேரி நடத்த ஆரம்பித்தார். பெயர் மிட்நைட் ராம்பிள். வருகிறவர்கள் சீட்டு வாங்கியதோடு வீட்டிலிருந்து ஒரு பதார்த்தமும் செய்து எடுத்து வந்து மேசையில் வைப்பார்கள். மேடை உயரமில்லை, முன்வரிசையில் இருப்பவருக்கும் டிரம்முக்கும் நடுவே கைநீட்டும் தூரம். தொடக்கத்தில் அவர் பாடவில்லை, வாசித்தார். மகள் ஏமி பாடினார். மெல்ல மெல்ல, கரகரவென்று, தழும்பேறிய ஒரு குரல் திரும்பி வந்தது.

அந்தக் குரலோடு 2007இல் 'டர்ட் ஃபார்மர்' வந்தது. அதில் அப்பா அம்மாவிடம் சின்ன வயதில் கற்ற பாட்டுகளும் இருந்தன. பருத்திக் காட்டில் வேலை முடிந்து பாடியவை, அறுபது வருடம் கழித்து இசைத்தட்டில் ஏறின. 2008 பெப்ரவரியில் அதற்குச் சிறந்த மரபு நாட்டுப்புற இசைத்தட்டுக்கான கிராமி கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் பெயர் வாசித்தபோது அவர் அங்கே இல்லை. கொட்டகையில் ஒரு ராம்பிள் நடந்துகொண்டிருந்தது, பேரன் பிறந்ததைக் கொண்டாட. பிள்ளைக்கு வைத்திருந்த பெயர், டொரான்டோ போன காலத்தில் தாத்தா தொலைத்த அதே பழைய பெயர்.